டெல்லியில் கல்லூரி முடிக்கும் நேரம்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோவில்பட்டிப் பெண். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறேன். 2022 நவம்பரில் சேர்ந்தேன். இந்த எட்டாவது செமஸ்டர் தேர்வு எழுதிவிட்டால் முடிந்தது. இரண்டு மாதமாக ஃபோனை எடுத்தாலே ஏதாவது ஒரு கேள்வி. ஜூனியர்கள் கேட்கிறார்கள், ஊரில் சித்தி கேட்கிறார், பன்னிரண்டாம் வகுப்பில் பாடம் எடுத்த டீச்சர் கேட்கிறார், டெல்லிக்கு வரலாமா என்று யோசிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள். சில கேள்விகளை ராத்திரி தூக்கம் வராமல் நானே கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

கல்லூரி முடியப்போகிறது என்பது எப்போது உறைத்தது?

மார்ச் இரண்டாவது வாரம். வளாகத்துப் பக்கம் இலவ மரங்கள் உண்டு. இலை முழுக்க உதிர்ந்தபின் வெறும் கிளையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பூ பூக்கும். நடைபாதையில் சொத்து சொத்தென்று விழும். முதல் வருடம் அதைப் பார்த்தபோது, இன்னும் மூன்று தடவை பார்ப்போம் என்று எண்ணிக்கொண்டேன். இந்த மார்ச்சில் நூலகத்திலிருந்து வெளியே வந்து அதே மரத்தடியில் நின்றபோதுதான் கணக்கு முடிந்துவிட்டது தெரிந்தது.

அன்று இரண்டு புத்தகம் திருப்பிக் கொடுத்திருந்தேன். கவுண்டரில் இருக்கும் அண்ணன் வழக்கமாக அட்டையை வாங்கி வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். அன்று நிமிர்ந்து, "கடைசி வருஷமா?" என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். "முதல் தடவை வந்தப்போ நீ பேசவே இல்லை. புத்தகத்தோட பேரைத் தாள்ல எழுதிக் காட்டினே" என்றார். நான் அதை மறந்தே போயிருந்தேன். ஒரு நாளைக்கு எத்தனையோ பிள்ளைகள் வந்து போகிற இடத்தில் அவர் அதை ஞாபகம் வைத்திருக்கிறார். மரத்தடியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

மூன்று வருடத்திலேயே கிளம்பியிருக்கலாமே? எதற்கு நான்காம் வருடம்?

கிளம்பியிருக்கலாம். 2022இல் சேர்ந்த எங்கள் செட்டுக்குத்தான் இந்தப் புதிய பாடத்திட்டம் முதலில் வந்தது. மூன்று வருடம் முடித்துப் பட்டத்தோடு போகலாம். விருப்பம் இருந்தால் நான்காம் வருடம் தொடரலாம். தொடர்கிறவர்கள் ஆய்வேடு, திட்டப்பணி, தொழில்முனைவு என்ற மூன்றில் ஒரு வழியை எடுக்க வேண்டும். நான் ஆய்வேடு எடுத்தேன்.

எடுத்த காரணம் அம்மா. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம். நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த 2021 டிசம்பரில், 14 வருடமாக 1 ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2 ரூபாய் ஆனது. விலை இரண்டு மடங்கானபோது அம்மாவின் கூலி ஏன் இரண்டு மடங்காகவில்லை என்று அன்றைக்கு எனக்குக் கேள்வி. மூலப்பொருள் விலை ஏறியது, வரி, போக்குவரத்து, லைட்டர் போட்டி எல்லாவற்றையும் பிறகுதான் படித்தேன். மூன்று வருடத்தோடு கிளம்பியிருந்தால் அந்தக் கேள்வியை எழுதாமலே போயிருப்பேன். டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போய் அம்மாவோடு வேலை பார்க்கிற அக்காக்களிடம் உட்கார்ந்து பேசி எழுதிய ஆய்வேடு அது. இந்த நான்கு வருடத்தில் நான் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த வேலை.

நான்காம் வருடத்துக்கு ஒரு விலையும் உண்டு. 2025இல் கூடப் படித்தவர்களில் நிறையப் பேர் கிளம்பிவிட்டார்கள். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியபோது பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. ஒரே கல்லூரியில் இரண்டு தடவை விடைபெற்ற செட் எங்களுடையது.

டெல்லிக்கு வந்த முதல் நாள் எப்படி இருந்தது?

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்னை சென்ட்ரலில் இரவு 10 மணிக்குக் கிளம்பும். இரண்டு இரவும் ஒரு பகலும். ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். அதற்கு முன்பே கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு ஒரு இரவு. கூட அப்பா வந்தார். நாக்பூர் தாண்டியபின் பெட்டியில் தமிழ் குறைந்துகொண்டே போனது. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் என்னைப் படித்துக் காட்டச் சொன்னார். அவர் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர்.

எங்கள் செட்டுக்கு நுழைவுத்தேர்வு அந்த வருடம்தான் புதிதாக வந்திருந்தது. 13 மொழிகளில் நடந்தது, அதில் தமிழும் ஒன்று. சேர்க்கை இழுத்துக்கொண்டே போய் நவம்பர் 2ஆம் தேதிதான் வகுப்பு தொடங்கியது. அதனால் டெல்லியை நான் முதலில் பார்த்தது அதன் மோசமான மாதத்தில். வானம் சாம்பல் நிறம், தொண்டை எரிச்சல், சூரியன் நிலா மாதிரி வெளிறிக் கிடக்கும். பிஜியில், அதாவது நான் தங்கவிருந்த தனியார் விடுதியில், பெட்டியை வைத்துவிட்டு அப்பா அன்று மாலையே திரும்பினார், ஊரில் லோடு ஆட்டோ ஓட்ட வேறு ஆள் இல்லை என்பதால் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. மெட்ரோ வாசலில் "நல்லா சாப்பிடு" என்று மட்டும் சொன்னார்.

அக்கா, இந்தி தெரியாம வரலாமா?

வரலாம். நான் "பையா" (அண்ணா), "பானி" (தண்ணீர்) என்ற இரண்டு வார்த்தையோடு வந்தேன். வகுப்பறையில் ஆங்கிலம்தான் முக்கியம். இந்தி தேவைப்படுவது தண்ணீர் வராத காலையிலும், காய்ச்சல் வந்த ராத்திரியிலும், ஆட்டோவிலும்.

எனக்கு இந்தி சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பிஜியில் சமைக்கிற தீதி (இந்தியில் அக்கா). உத்தரப் பிரதேசத்தில் ஒரு கிராமத்துக்காரர். பள்ளிக்கூடம் போனதில்லை. சாயங்காலம் ரொட்டி தேய்க்கும்போது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மாவு, உப்பு, கரண்டி, நேற்று, நாளை என்று ஆரம்பித்தார். நேற்றுக்கும் நாளைக்கும் இந்தியில் 'கல்' என்ற ஒரே சொல்தான் என்று அறிந்த அன்று இருவரும் சிரித்து மாவு காய்ந்துபோனது. பதிலுக்கு அவருக்கு நான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தேன். இந்தி எழுத்தை நான் கற்றுக்கொண்டதே அதற்காகத்தான். இப்போது அவர் வங்கிக்குப் போனால் கைநாட்டு வைப்பதில்லை.

சேர்ந்து ஒரு வருடத்தில் இந்தி தானாக வந்துவிடும். வெட்கப்படாமல் தப்பாகப் பேசுங்கள், அது போதும்.

தமிழ் வழியில் படித்த எனக்கு ஆங்கில வகுப்பு புரியுமா?

இதுதான் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. இதில் மறைக்க எதுவும் இல்லை. முதல் செமஸ்டர் கணிதத் தாளில் நான் தோற்றேன். இங்கே அதை ஈ.ஆர். என்பார்கள், அந்தத் தாளைத் திரும்ப எழுத வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். எனக்கு வகையிடல் தெரியும், தொகையிடல் தெரியும், சார்பு, எல்லை எல்லாம் தெரியும். கரும்பலகையில் இருந்ததும் அதே கணக்குதான். ஆனால் ஆசிரியர் வாயால் சொல்கிற சொற்கள் ஒன்றும் என் காதுக்குள் போய் உட்காரவில்லை. தெரிந்த கணக்கைத் தெரியாதவள் போல் பார்த்துக்கொண்டிருப்பது மிகவும் வலிக்கும்.

ரிசல்ட் வந்த அன்று விடுதி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஜார்க்கண்டிலிருந்து வந்த மூன்றாம் வருட சீனியர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரும் இந்தி வழியில் படித்துவிட்டு வந்தவர், அவரும் முதல் வருடம் அதே தாளில் தோற்றவர். ஒரு நோட்டில் நடுவில் கோடு போடச் சொன்னார். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் உன் மொழிச் சொல், தினமும் பத்து. அவ்வளவுதான். இரண்டு மாதம் சனிக்கிழமை தோறும் என்னோடு உட்கார்ந்தார். அடுத்த தடவை தேறினேன். அந்த நோட்டு இப்போது நான்காவது ஆளின் கையில் இருக்கிறது. தமிழ் வழியில் படித்த யார் வந்தாலும் அவர்களுக்குப் போகும். கொஞ்சம் கிழிந்துவிட்டது, பரவாயில்லை.

நீங்கள் செய்ய வேண்டிய இன்னொன்று: வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் போய்ப் புரியவில்லை என்று சொல்லுங்கள். நான் ஆறு மாதம் சொல்லாமல் இருந்தேன். சொன்ன பிறகு என் பேராசிரியர் வாரம் அரை மணி நேரம் எனக்கென்று ஒதுக்கினார்.

புத்தகம் எல்லாம் விலை அதிகமாமே?

நான் நான்கு வருடத்தில் புதிதாக வாங்கிய பாடப்புத்தகம் மூன்றுதான். நூலகம், சீனியர்கள், ஜெராக்ஸ் கடை. இந்த ஜெராக்ஸ் விஷயத்தில் வடக்கு வளாகத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. டெல்லி பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் ராமேஸ்வரி என்ற சிறிய ஜெராக்ஸ் கடை. பாடத்துக்கு வேண்டிய பகுதிகளை வெவ்வேறு புத்தகங்களிலிருந்து நகலெடுத்துக் கட்டாக விற்றார்கள் என்று 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கல்விக்காக அப்படி நகலெடுப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது என்றது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2017இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் படிக்கிற ஒரு பெண்ணுக்கு அந்தத் தீர்ப்பு என்ன அர்த்தம் என்பதை எனக்குத்தான் தெரியும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பொருளாதாரப் பள்ளியை 1949இல் தொடங்கிய வி.கே.ஆர்.வி. ராவ் பிறந்தது காஞ்சிபுரத்தில். முதல் வருடம் இதைப் படித்தபோது ஏனோ தைரியமாக இருந்தது.

வளாகத்தில் படேல் செஸ்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் பக்கம் ஜெராக்ஸ், பைண்டிங் கடைகள் வரிசையாக இருக்கும். என் ஆய்வேட்டை அங்கேதான் கட்டினேன். கடைக்கார பையா முன்னட்டையில் என் பெயரைப் பார்த்துவிட்டு, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை படிக்கச் சொன்னார். தங்க எழுத்து ஒட்டிய பிறகு மாற்ற முடியாதாம்.

டெல்லித் தமிழர்கள் உதவினார்களா?

நிறைய. இங்கே தமிழர்கள் இருப்பது இன்று நேற்றல்ல. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923இல் தொடங்கியது. இன்று ஏழு பள்ளிகள் நடத்துகிறது. ஆர்.கே. புரத்தில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அதே ஆர்.கே. புரத்தில் குன்றின் மேல் மலை மந்திர், 1973இல் குடமுழுக்கு நடந்த சுவாமிநாதன் கோயில். விஸ்வவித்யாலயாவில் மஞ்சள் தடத்தில் ஏறி ஹௌஸ் காஸில் மாறினால் போய்விடலாம்.

முதல் வருடம் பொங்கலுக்கு அந்தக் கோயிலுக்குத் தனியாகப் போயிருந்தேன். படியில் இறங்கும்போது பின்னால் இரண்டு பேர் திருநெல்வேலித் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள். கால் தானாக நின்றுவிட்டது. "எந்த ஊரும்மா?" என்று கேட்டார்கள். கோவில்பட்டி என்றதும், "அட, நம்ம பக்கத்துப் பிள்ளை" என்று கரோல் பாக் வீட்டுக்குக் கையோடு கூட்டிப்போய்ச் சோறு போட்டார்கள். மாமா அரசு வேலையில் ஓய்வு பெற்றவர். நாற்பது வருடத்துக்கு மேல் டெல்லி வாசம். அன்றிலிருந்து எனக்கு டெல்லியில் ஒரு அத்தையும் மாமாவும் உண்டு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் சாப்பாடு. ஊருக்குப் போகாத தீபாவளி இரண்டும் அங்கேதான்.

சாப்பாடு?

பழகிவிடும். ராஜ்மா சாதம் எனக்கு இப்போது பிடித்த சாப்பாடு. தோசை ஏக்கம் வந்தால் ஜன்பத் சரவண பவன், கையில் காசு இருக்கும் மாதத்தில் மட்டும். கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், அப்பளம் எல்லாம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கும். மின்சாரக் கெட்டிலில் ரசம் வைக்கலாம் என்பதைக் கண்டுபிடித்தது என் அறைத்தோழி. அவள் அசாமியப் பெண்.

காற்று நிஜமாகவே அவ்வளவு மோசமா?

ஆமாம். நவம்பர், டிசம்பரில் காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டும் நாட்கள் வரும். அதைக் 'கடுமை' என்று வகைப்படுத்துகிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் நன்றாகப் பேசி முடிவெடுங்கள். கல்லூரி ஆசையில் இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். என் வகுப்பில் ஒரு பெண் இரண்டாம் வருடம் இதற்காகவே ஊர் திரும்பினாள்.

வருத்தம் ஏதாவது இருக்கிறதா?

ஒன்று இருக்கிறது. இரண்டாம் வருடம் டிசம்பரில் பாட்டி இறந்தார். தேர்வுக்கு நடுவில். காலை ஐந்து மணிக்கு அப்பா ஃபோன் செய்து, "வர வேண்டாம், நீ வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்" என்றார். 2,700 கிலோமீட்டருக்கு மேல். விமான டிக்கெட் பார்த்தேன், முடியவில்லை. மறுநாள் புள்ளியியல் தேர்வு எழுதினேன். என்னை வளர்த்தது பாட்டிதான். தூரத்தில் படிக்க வருகிற எல்லாருக்கும் இப்படி ஒரு ஃபோன் வரலாம். வருவதற்கு முன்னால் யாரும் அதைச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

அன்று ராத்திரி என் அறைத்தோழி தூங்கவே இல்லை. அவளுக்கும் மறுநாள் தேர்வு. தீதி சமையல் முடித்து வீட்டுக்குப் போகாமல் என் கட்டிலோரம் தரையில் படுத்துக்கொண்டார். கரோல் பாக் அத்தை அந்தக் குளிரில் மெட்ரோ பிடித்து வந்து, பதினாறாம் நாள் மலை மந்திரில் விளக்கேற்றலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி கூட்டிப்போனார். தனியாக டெல்லியைச் சமாளித்தவள் என்று ஊரில் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள். யோசித்துப் பார்த்தால் நான் தனியாகச் சமாளித்தது எதுவுமே ஞாபகத்துக்கு வரவில்லை.

கல்லூரி முடிந்தால் நட்பெல்லாம் விட்டுப்போகுமா?

சிலது விட்டுப்போகும். 2025இல் கிளம்பியவர்கள் எட்டுப் பேர் எனக்கு மிக நெருக்கம். முதல் மாதம் தினமும் பேசினோம். இப்போது மூன்று பேரோடு மட்டும் விடாமல் பேச்சு இருக்கிறது. மற்ற ஐந்து பேர் மேல் கோபமே இல்லை. வேலை, ஊர் எல்லாம் மாறிவிட்டது. ஒருத்தி போன மாதம் திடீரென்று கமலா நகர் மார்க்கெட் படம் ஒன்றை அனுப்பி, "நாம் குல்ஃபி சாப்பிட்ட இடம்" என்று எழுதியிருந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அறைத்தோழி குவஹாத்திக்குப் போகிறாள். நான்கு வருடமும் என் அறைத்தோழி அவள்தான். அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

ஃபேர்வெல்லுக்குப் புடவைதான் கட்டணுமா?

கட்டாயம் இல்லை, ஆனால் இங்கே பெண்கள் பெரும்பாலும் புடவைதான் கட்டுகிறார்கள். நான் அம்மாவின் சுங்குடிப் புடவை கட்டினேன். அம்மா கல்யாணமான புதிதில் மதுரையில் வாங்கியது. காலை ஏழு மணிக்கே என் அறை வாசலில் வரிசை. பஞ்சாப், மணிப்பூர், பீகார் என்று பதினோரு பேருக்கு நான்தான் கட்டிவிட்டேன். பாட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்த கொசுவம். வாடகைக்கு எடுக்காதீர்கள், வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவாருங்கள். படத்தைப் பார்த்த அம்மா, "என்னை மாதிரியே இருக்கே" என்றார்.

கிளம்பும் முன் என்னென்ன தாள்கள் வாங்க வேண்டும்?

நூலகம், ஆய்வகம், விடுதி எல்லா இடத்திலும் பாக்கி இல்லை என்ற கையெழுத்து முதலில். அது இல்லாமல் வேறு எதுவும் நகராது. பிறகு எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், தற்காலிகச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், வேறு பல்கலைக்கழகத்தில் சேர்வதாக இருந்தால் இடப்பெயர்வுச் சான்றிதழ். கிரெடிட்டுகள் உங்கள் கணக்கில் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று டிஜிலாக்கரில் பாருங்கள். பட்டமளிப்பு விழா அந்த வருடமே வராது. சமீப வருடங்களில் பிப்ரவரியில்தான் நடந்திருக்கிறது.

தமிழ்ப் பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டியது பெயரில். நமக்கு இனிஷியல்தான், இங்கே படிவத்தில் குடும்பப் பெயர் கேட்பார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பல்கலைக்கழகப் பதிவில் ஒரு மாதிரி இருந்தால் பின்னால் பாஸ்போர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். எங்கே என்ன மாதிரி இருக்கிறது என்று பட்டம் அச்சாவதற்கு முன்பே சரிபார்த்து விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.

என் விஷயத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகிவிட்டது. முதல் நாள் வருகைப் பதிவில் ஆசிரியர் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். யாரோ என்று நான் பேசாமல் இருந்தேன். மூன்றாம் தடவைதான் புரிந்தது. அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்போ நானும் காலேஜுக்குப் போறேன்னு சொல்லு" என்றார். அந்த செமஸ்டர் முழுக்க அப்பா பெயரைச் சொல்லும்போது நான் சத்தமாகவே பதில் சொன்னேன்.

பிஜி அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?

முதலில் இருந்த இடத்தில் எனக்குப் பாதிதான் கிடைத்தது. சுவரில் ஆணி அடித்தேன் என்று பிடித்துக்கொண்டார்கள். உள்ளே போகும்போதே அறையைப் படம் எடுத்து வையுங்கள். கொடுத்த பணத்துக்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள். காலி செய்வதை ஒரு மாதம் முன்பே செய்தியாக அனுப்புங்கள்.

சேர்ந்துபோன பொருளை என்ன செய்வது?

ரஜாய் (பஞ்சு வைத்த குளிர்காலப் போர்வை), ஹீட்டர், கெட்டில், மேசை விளக்கு இவற்றை விற்காதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கும் பிள்ளைக்கு அவை ஒரு மாதச் செலவு. என் ரஜாய் எனக்கு முன்னால் இரண்டு பேர் போர்த்தியது. புத்தகங்களைத் தபாலில் ஊருக்கு அனுப்பலாம், ரயிலில் சுமக்க வேண்டாம்.

டெல்லியை விட்டுப் போகும் முன் எங்கே போக வேண்டும்?

குதுப்மினாரும் செங்கோட்டையும் எப்போதும் இருக்கும். வளாகத்தை ஒட்டிய ரிட்ஜ் காட்டுக்குள் ஒரு காலை நடந்துவிட்டு வாருங்கள். உள்ளே கொடிமர கோபுரம் நிற்கிறது. 1857 கலகத்தின்போது ஆங்கிலேயக் குடும்பங்கள் ஓடி வந்து கூடிய இடம் அது. நாங்கள் அங்கே தேர்வுக்குப் படிக்கப் போவோம், குரங்குகள் பரீட்சைத் தாளைக்கூட விடாது. ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகச் சந்தை, முன்பு தரியாகஞ்ச் நடைபாதையில் இருந்தது, 2019இலிருந்து மகிளா ஹாட்டில். மஜ்னு கா டீலாவில் திபெத்தியர்களின் குறுகிய சந்துகளும் சூடான நூடுல்ஸ் சூப்பும். மே மாதம் தேர்வு முடிந்து வரும்போது சாலையெல்லாம் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும். அதைப் பார்க்க எங்கும் போக வேண்டியதில்லை, பேருந்தின் இடது ஜன்னலோரம் இடம் பிடித்தால் போதும்.

வேலை கிடைத்துவிட்டதா? அடுத்து என்ன?

முதுகலை நுழைவுத்தேர்வு எழுதியிருக்கிறேன். ஒரு ஆய்வு நிறுவனத்தில் நேர்காணலும் முடிந்தது. இரண்டிலும் பதில் வரவில்லை. சித்தி, வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன்.

"நான் வந்தா என்னை எங்கே கூட்டிட்டுப் போவ?"

இது அம்மாவின் கேள்வி. தேர்வு முடிந்ததும் அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். அம்மா சென்னையைத் தாண்டி வந்ததில்லை. தாஜ்மகால் பார்க்கலாமா என்று கேட்டேன். "அது கிடக்கட்டும், நீ உட்கார்ந்து படிச்ச இடத்தைக் காட்டு" என்றார். ஆகவே நூலகத்தில் ஜன்னலோரம் இருக்கிற என் மேசை, மாடிப்படி, படேல் செஸ்ட் கடை, எங்கள் பிஜி சமையலறை. தீதியும் அம்மாவும் ஒருவரோடு ஒருவர் பேச மொழி இல்லை. நான் நடுவில் நிற்பேன்.

"கடலை மிட்டாய் எத்தனை பாக்கெட் வாங்க?"

நேற்று ராத்திரி அம்மா கேட்டது. உனக்கு உதவி செய்தவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டும், வெறுங்கையோடு வர மாட்டேன் என்கிறார். பத்து போதும் என்றேன். ஃபோனை வைத்துவிட்டுப் பெயர்களை எழுத ஆரம்பித்தேன். நூலக அண்ணன். தீதி, அவர் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து மூன்று. அறைத்தோழி. ஜார்க்கண்ட் அக்கா இப்போது ராஞ்சியில் இருக்கிறார், தபாலில் அனுப்ப வேண்டும். கணிதப் பேராசிரியர். ஆய்வேட்டுக்கு வழிகாட்டிய மேடம். கரோல் பாக் அத்தை மாமா. பைண்டிங் கடை பையா. அடையாள அட்டை மறந்து போன தேர்வு நாளில் என்னை உள்ளே விட்டுத் தானே அலுவலகத்துக்கு நடந்த கேட் காவலர். காய்ச்சலில் வகுப்புக் குறிப்பு எடுத்துக் கொடுத்த மணிப்பூர் தோழி. முதல் குளிரில் பாக்கி வைத்துக்கொண்டு ஸ்வெட்டர் கொடுத்த கமலா நகர் கடைக்காரர். எழுத எழுத இன்னொரு முகம் வருகிறது. முப்பத்தி நான்கில் நிற்கிறது, இரண்டாம் வருடத்தை இன்னும் எழுதி முடிக்கவில்லை.

காலையில் அம்மாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்: "ஐம்பது வாங்கிரும்மா."